சம்பளம் 6⅔ டாலர், அதுவும் காகிதத்தில்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனின் படை பட்டினி கிடந்ததற்கு நாட்டில் விளைச்சல் இல்லாததுதான் காரணம் என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாவும் மாடும் இருந்தன. கொண்டுவர வண்டியும், விவசாயி வாங்கிக்கொள்ளும் காசும்தான் இல்லை.

1775 நவம்பரில் காங்கிரஸ் (போரை நடத்திய அமெரிக்கக் குடியேற்றங்களின் பொதுப் பேரவை) நிர்ணயித்த உணவுப் படியைப் பார்: ஆளுக்கு தினம் ஒரு ராத்தல் (பவுண்டு, சுமார் 450 கிராம்) மாட்டிறைச்சி, ஒரு ராத்தல் ரொட்டி அல்லது மாவு, ஒரு பைன்ட் (சுமார் அரை லிட்டர்) பால். வாரத்துக்கு மூன்று பைன்ட் பட்டாணி. எழுத்தில் விருந்துதான்! மாவுப் பீப்பாய் 196 ராத்தல். அப்படியானால் 10,000 பேருக்கு தினம் 51 பீப்பாய். வண்டிக்குப் பத்து, போகவர எட்டு நாள் என்று வைத்துக்கொள். மாவுக்கு மட்டுமே சுமார் 40 வண்டி, வண்டிக்கு நான்கு வீதம் 160 குதிரை எப்போதும் சாலையில் இருக்கவேண்டும். அந்தக் குதிரைகளுக்குத் தீவனம் வேறு யார் சுமப்பது?

மாட்டை நடத்தியே ஓட்டிவரலாம். பீப்பாயில் அடைத்த இறைச்சிக்குத்தான் உப்பு வேண்டும்; வெளியிலிருந்து வந்த உப்பைப் பிரிட்டிஷ் கடற்படை மறித்தது. போதாததற்கு, பாரம் குறையட்டும் என்று வண்டிக்காரர்கள் இறைச்சி ஊறிய உப்புநீரை வழியிலேயே வடித்துவிடுவார்கள். முகாமில் பீப்பாயைத் திறந்தால் அழுகல்.

1777 ஜூனில், போர் நடக்கும்போதே, காங்கிரஸ் உணவுத் துறையைக் கொள்முதல், வழங்கல் என்று இரண்டாக உடைத்தது. தலைவர் ஜோசப் டிரம்புல் விலகினார். அந்த டிசம்பரில் படையின் குளிர்கால முகாமான வேலி ஃபோர்ஜில் செருப்பும் துணியும் இல்லாமல் வேலைக்கு லாயக்கற்றவர்கள் 2,898 பேர் என்று வாஷிங்டன் எழுதினார். 1778 மார்ச்சில் நதானியல் கிரீன் குவாட்டர்மாஸ்டர் ஜெனரல் (படையின் போக்குவரத்து, தளவாடப் பொறுப்பாளர்) ஆனதும் வண்டிகள் நகர்ந்தன. அவருக்கும் இரு உதவியாளர்களுக்கும் செலவில் ஒரு சதவீதக் கமிஷன். விலை ஏறினால் கமிஷனும் ஏறும் என்ற முணுமுணுப்பு நியாயமானதே.

சிப்பாய்க்கு மாதம் 6⅔ டாலர். ஆனால் 1779 முடிவதற்குள் 24 கோடி டாலருக்கு மேல் காகிதப் பணம் அச்சாகிவிட்டது. 1780 மார்ச்சில் காங்கிரஸே 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று ஒப்புக்கொண்டது. அந்தச் சமயத்திலேயே, மாநிலங்கள் பணத்துக்குப் பதில் பண்டமாகத் தரட்டும் என்றார்கள். பண்டம் சேர்ந்தது, ஏற்றிச்செல்ல வழியில்லாத கிடங்குகளில்.

அதே ஆண்டு அமெரிக்கர்களுக்கு உதவியாக வந்த பிரெஞ்சுப் படை வெள்ளிக்காசு கொடுத்தது. விவசாயிகள் அங்கே போனதில் என்ன ஆச்சரியம்? 1781 செப்டம்பரில் யார்க்டவுன் போகும் வழியில், காங்கிரஸின் நிதிப் பொறுப்பாளர் ராபர்ட் மோரிஸ் அந்தப் பிரெஞ்சுப் படையின் பணப்பெட்டியிலிருந்தே சுமார் 20,000 டாலர் கடன் வாங்கி வீரர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் நாணயமாகக் கொடுத்தார். மோரிஸின் ஒப்பந்தக்காரர் முறை பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
ராமு