பார்மட் பண்ணுவதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் என்று வீடியோ எடுக்கும், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அண்ணன் தம்பிமார்களுக்கு,

வணக்கம். பாம்பனில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடல். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இடக்கணக்கு இடித்தால், எடுத்த எடுப்பில் "பார்மட் பண்ணணும்", அதாவது எல்லாவற்றையும் அழிக்கணும் என்று சொல்லாதீர்கள்.

போன மாதம் தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். மஞ்சள் பையில், துண்டு சுற்றி, ஒரு டெராபைட் டிஸ்க். மகள் கல்யாண வீடியோ அதில்தான் இருக்கிறது, வேறு காப்பி கிடையாது. அந்தக் கல்யாணம் முடிந்த மறுவருஷம் அவர் வீட்டுக்காரர் தவறிவிட்டார். இப்போது பேத்தியின் ஞானஸ்நான வீடியோவை அதே டிஸ்க்கில் போடப் போனால் இடமில்லை என்கிறதாம். ஒரு கடையில், டிஸ்க் கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் அழித்தால்தான் சரியாகும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "தம்பி, அவர் முகம் இதுலதான் இருக்கு" என்றார்.

மாட்டிப் பார்த்தேன். மொத்தம் 931 ஜிபி, மிச்சம் 11. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த போல்டர்களை எல்லாம் சேர்த்தால் 540தான் வருகிறது. 380 ஜிபி எங்கே போனது?

முதலில் அந்த 931. ஒரு டெராபைட் வாங்கினோமே, 69 ஜிபியைத் திருடிவிட்டார்களா என்று கடைக்கு வந்து சண்டை போட்டவர்கள் உண்டு. யாரும் திருடவில்லை. தயாரிப்பவர்கள் கணக்கில் ஒரு டெராபைட் என்பது ஒரு லட்சம் கோடி பைட். அதைக் குறைவில்லாமல்தான் தருகிறார்கள். விண்டோஸ் ஆயிரமாயிரமாக வகுக்காமல் 1024, 1024 என்று வகுக்கிறது. அதனால்தான் 931. இரண்டு டெராபைட் 1.81 என்றும், நான்கு டெராபைட் 3.63 என்றும் காட்டும். ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர்கள் 2009லிருந்து ஆயிரத்தால் வகுக்கின்றன; அதே டிஸ்க் அங்கே முழு டெராபைட்டாகத் தெரியும். ஒரே அரிசியைப் பெரிய படியாலும் சின்னப் படியாலும் அளந்த கதைதான். விற்கும்போதே இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

சரி, அந்த 380க்கு வருகிறேன். மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டு என்று விண்டோஸில் மாற்றியதும், புள்ளியில் தொடங்கும் பெயரோடு 'டிராஷஸ்' என்ற போல்டர் மங்கலாக எட்டிப் பார்த்தது. உள்ளே 501 என்று இன்னொன்று. மேக்கில் முதலாவதாகக் கணக்குத் தொடங்கியவருக்கு அது கொடுக்கும் எண் அது. வீடியோ எடுத்த தம்பி மேக்கில் எடிட் செய்திருக்கிறார். வேலை முடிந்ததும் தேவையில்லாததை அழித்திருக்கிறார். அழித்தது போகவில்லை. அந்த டிஸ்க்கிலேயே இருக்கும் குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது. மேக்கில் குப்பையைக் காலி செய்யாமல் டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்தால் இடம் திரும்பாது. 540ஐயும் 380ஐயும் கூட்டுங்கள், 920. மிச்சம் 11. கணக்கு நேராகிவிட்டது. டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை.

எல்லா டிஸ்க்கிலும் இதே காரணம் இருக்காது. என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் முறையில் அமைத்த டிஸ்க்கில் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' போல்டருக்குள் விண்டோஸ் பழைய நகல்களைச் சேர்த்து வைத்திருக்கலாம். உள்ளே போக நமக்கே அனுமதி இல்லாததால் அது நம் கூட்டலில் வராது. விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும் எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்த டிஸ்க்கில் வேறு மாதிரி. அது இடத்தைப் பெரும்பாலும் 128 கேபி துண்டுகளாக ஒதுக்கும், 4 கேபி ஃபைலும் ஒரு முழுத் துண்டைப் பிடித்துக்கொள்ளும். எடிட்டிங் சாஃப்ட்வேர் போட்டு வைக்கும் குட்டி ஃபைல்கள் 40,000 இருந்தால், உண்மை அளவு 160 எம்பி. அடைத்துக்கொள்வது ஏறக்குறைய 5 ஜிபி. அப்புறம், 16 டெராபைட் என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு ஆன்லைனில் வருபவை. பிரித்தால் உள்ளே சின்ன மெமரி கார்டு இருக்கும், பொய்யான அளவைச் சொல்லும்படி செய்திருப்பார்கள். புது டிஸ்க்கில் ஒரு கல்யாணத்தை ஏற்றுவதற்கு முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை சாஃப்ட்வேரைப் போட்டு முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். மணிக்கணக்காகும், ஆகட்டும்.

நம் ஊருக்கென்றே ஒரு காரணம் உண்டு: உப்புக்காற்று. யுஎஸ்பி முனையில் பச்சை பூத்து, காப்பி ஓடும்போதே இணைப்பு அறுந்துவிடும். எந்த இடம் நிரம்பியது, எது காலி என்று டிஸ்க் எழுதி வைக்கும் கணக்கு அப்போது பாதியில் நிற்கும்; ஃபைல் இல்லாமலே இடம் போனதாகக் காட்டும். விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் என்ற டிஸ்க் சோதனைக் கருவி அதைச் சரிசெய்யும்தான். ஆனால் இருப்பதை வேறு டிஸ்க்குக்கு எடுத்த பிறகே அதை ஓட்டுங்கள். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்டால் செக்டிஸ்க்கும் வேண்டாம், எதுவும் வேண்டாம். கழற்றி வைத்துவிட்டு, டேட்டா மீட்கிறவர்களிடம் அனுப்புங்கள்.

இவ்வளவு வற்புறுத்த எனக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பெரியப்பா கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டுகளை ஒரு டிஸ்க்கில் வைத்திருந்தோம். நான் இந்தத் தொழிலுக்கு வருமுன், இடம் தப்பாகக் காட்டுகிறது என்று வீட்டில் ஒரு கடையில் கொடுத்தார்கள். பார்மட் செய்து, "இப்ப நல்லா இருக்கு" என்று பத்துப் பன்னிரண்டு சினிமாவையும் ஏற்றிக் கொடுத்தார்கள். வேக பார்மட்டில், எந்த ஃபைல் எங்கே என்று காட்டும் அட்டவணைதான் புதிதாகும். அதோடு விட்டிருந்தால் பாட்டுகளைத் தோண்டி எடுத்திருக்கலாம். மேலே எழுதியதால் போனது. பெரியப்பாவும் இல்லை. அந்தக் கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதனால் கேட்கிறேன். டிஸ்க்கைக் கொடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டும் கொடுங்கள்: மொத்தம் எவ்வளவு, எந்தப் போல்டர் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, தேதி. மேக்கில் வேலை பார்ப்பவர்கள் குப்பையைக் காலி செய்யும் முன் அந்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், அந்த 380 ஜிபியை நானும் உடனே அழிக்கவில்லை. வீடியோ எடுத்த தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, அக்காவை உட்காரவைத்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். வெட்டாத மூலக் காட்சிகள். கல்யாண வீடியோவில் முழுக்கப் பாட்டுதான், அக்காவின் வீட்டுக்காரர் வாயசைப்பது மட்டும் தெரியும். இதில் கோயில் வாசலில் நின்றுகொண்டு, "பெரியவங்களை முதல்ல உள்ள விடுங்கய்யா" என்று சத்தம் போடுகிறார். அக்கா அதை இரண்டாவது தடவை போடச் சொன்னார். பிறகு மூன்றாவது தடவை. எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்குக்கு எடுத்துக் கொடுத்தேன். மஞ்சள் பையில் இப்போது இரண்டு இருக்கின்றன.

அன்புடன்,
பாம்பனிலிருந்து உங்களில் ஒருவன்