தலைக்காயத்துக்குப் பின் தொடரும் தொல்லைகளும் காந்தத் தூண்டல் சிகிச்சையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மனச்சோர்வுக்கான சிகிச்சையாக நம் நகரங்களில் அறிமுகமான டி.எம்.எஸ். என்ற காந்தத் தூண்டல் முறையை, விபத்தில் தலையில் அடிபட்டு மாதக்கணக்கில் தலைவலியும் தலைச்சுற்றலும் மறதியும் தீராமல் அவதிப்படுபவர்களுக்கும் பலன் தரும் சிகிச்சை என்று சில தனியார் மையங்கள் விளம்பரப்படுத்தி வருகின்றன. அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், இத்தகைய நோயாளிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களது குடும்பத்தார் இப்போது என்னிடம் கேட்பது, கடன் வாங்கியாவது இதைச் செய்துகொள்ளலாமா என்பதைத்தான். பணம் கட்டிச் செய்துகொள்ள வேண்டாம், முறையான ஆய்வு ஒன்றில் கட்டணமின்றிக் கிடைத்தால் மருத்துவரிடம் கலந்து பேசிச் சேரலாம் என்று அவர்களுக்குச் சொல்லி வருகிறேன். அதற்கான காரணங்களைத் தங்கள் நாளிதழின் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கன்கஷன் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் மூளை அதிர்வில், மண்டை ஓடு உடைவதில்லை. இரத்தக் கசிவும் பெரும்பாலும் இருப்பதில்லை. மூளை உலுக்கப்படும்போது நரம்பிழைகள் இழுபடுகின்றன, உயிரணுக்களுக்கு உள்ளும் வெளியும் இருக்க வேண்டிய பொட்டாசியம், கால்சியம் போன்ற உப்புகளின் சமநிலை குலைகிறது, அதைச் சீராக்கும் முயற்சியில் மூளையின் ஆற்றல் சிறிது காலம் வற்றிப்போகிறது. இவை எதுவும் சி.டி. ஸ்கேனில் தெரியாது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். தேறாமல் போகும் ஒரு பகுதியினரின் நிலைதான் கொடுமையானது. வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமல், ஒரு பக்கம் கணக்கு எழுதினாலே களைத்து, வீட்டாரிடம் எரிந்து விழுந்து, வேலைக்கும் போக முடியாமல் இருக்கும் ஒருவரிடம் "ஸ்கேன் நார்மல், உனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். ஒன்றுமில்லை என்று பலமுறை கேட்டு அலுத்துப்போனவருக்கு, "உங்கள் மூளையில் இருக்கும் குறையை எங்கள் கருவி சரிசெய்யும்" என்ற பேச்சு எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்பதை விளம்பரம் செய்பவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்.

சிகிச்சையின் அடிப்படை அறிவியலில் மர்மம் ஏதுமில்லை. மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-லேயே காட்டினார். அதே விதியைப் பயன்படுத்தி, மனித மூளையில் உடல் அசைவுகளைக் கட்டுப்படுத்தும் பகுதியை வெளியிலிருந்தே தூண்ட முடியும் என்பதை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆண்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் 1985-இல் செய்து காட்டினார்கள். தலைமேல் வைக்கப்படும், பெரும்பாலும் எட்டு வடிவத்தில் அமைந்த கம்பிச் சுருளில் நொடியில் மிகச் சிறு பங்கு நேரம் மின்சாரம் பாயும்போது, எம்.ஆர்.ஐ. கருவிக்கு நிகரான வலிமையுள்ள காந்தத் துடிப்பு உண்டாகி, மண்டை ஓட்டைக் கடந்து, சுமார் 2 அல்லது 3 சென்டிமீட்டர் ஆழம் வரை மூளையின் மேற்புறத்திலுள்ள நரம்பணுக்களைத் தூண்டுகிறது. நோயாளி விழித்தபடி நாற்காலியில் சாய்ந்திருப்பார். மயக்க மருந்து கிடையாது. "கரண்டு வைப்பது" என்று நம் மக்கள் அஞ்சும் வலிப்புத் தூண்டல் சிகிச்சை வேறு, இது வேறு என்பதையும் இங்கே தெளிவுபடுத்திவிடுவது நல்லது, ஏனெனில் தேவையில்லாத அச்சமும் ஏமாற்றத்துக்கே வழி திறக்கும்.

இந்த முறைக்கு அங்கீகாரம் இல்லாமல் இல்லை. மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி வழங்கும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அமைப்பு 2008-இல் மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கும், 2013-இல் ஒருவகை ஒற்றைத் தலைவலிக்கும், 2018-இல் ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழற்சி நோய்க்கும், 2020-இல் புகைப்பழக்கத்தை விடுவதற்கும் வெவ்வேறு காந்தத் தூண்டல் கருவிகளுக்கு அனுமதி அளித்தது. விளம்பரங்களில் "எஃப்.டி.ஏ. அங்கீகாரம் பெற்றது" என்று பெரிய எழுத்தில் இருப்பது இந்த அனுமதிகளைத்தான் குறிக்கிறது. மூளை அதிர்வுக்குப் பின் தொடரும் தொல்லைகள் இந்தப் பட்டியலில் இல்லை. ஒரு நோய்க்குக் கிடைத்த முத்திரையை இன்னொரு நோயின் தலையில் குத்துவதை மருத்துவ ஏமாற்று என்று நேராகச் சொல்லத் தயங்கினாலும், நேர்மையான வணிகம் என்று என்னால் சொல்ல இயலவில்லை.

மூளை அதிர்வுக்கென்றே நடத்தப்பட்ட ஆய்வுகளைப் பார்ப்போம். கனடாவின் மான்ட்ரியல் நகரில் நடந்து 2015-இல் வெளியான முன்னோடி ஆய்வில் 15 பேர் சேர்க்கப்பட்டு, நெற்றியின் இடப்புறத்துக்கு உள்ளே இருக்கும் முன்மூளைப் பகுதியில் 20 அமர்வுகள் தூண்டல் அளிக்கப்பட்டது. முடித்தவர்களின் தொல்லைகள் சராசரியாகக் குறைந்தன. ஆனால் அதில் ஒப்பிடுவதற்கு, தூண்டல் தருவதுபோல் பாவனை மட்டும் செய்யப்படும் போலிச் சிகிச்சைக் குழு இல்லை, மேலும் மூவருக்குத் தலைவலி கூடியது. அதே நாட்டின் கால்கரியில் 2020-இல் வெளியான ஆய்வு இன்னும் கவனமாக வடிவமைக்கப்பட்டது. அதில் 20 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு குழுவுக்கு உண்மைத் தூண்டலும் மற்றொரு குழுவுக்குப் போலித் தூண்டலும் கொடுத்தார்கள். உண்மைத் தூண்டல் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைந்தது என்பது நம்பிக்கையூட்டும் செய்தி. தலைவலியின் கடுமையில் இரு குழுக்களுக்கும் இடையே ஐயமற்ற வேறுபாட்டை நிறுவ அந்த எண்ணிக்கை போதவில்லை. சான் டியாகோவில் 24 முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வு, தலைவலிக்குக் குறுகிய காலப் பலன் இருப்பதாகத் தெரிவித்தது. மறுபுறம், தலைக்காயத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்காக 2019-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவும் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் குழுவும் தனித்தனியே வெளியிட்ட முடிவுகளில், உண்மைத் தூண்டல் போலித் தூண்டலை வெல்லவில்லை.

மனச்சோர்வுக்கான தூண்டல் முறைகளை ஒப்பிட்டுக் கனடாவில் நடந்து 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரே ஆய்வில் மட்டும் 414 பேர் பங்கேற்றார்கள். அதன் பக்கத்தில் 15, 20, 24 என்ற எண்களை வைத்துப் பார்த்தாலே எந்தச் சிகிச்சை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது விளங்கும். எந்த இடத்தில், எத்தனை துடிப்புகள், அடிபட்ட எத்தனையாவது மாதத்தில் என்ற கேள்விகளுக்குக்கூட ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த விடை உருவாகவில்லை.

போலித் தூண்டலோடு ஒப்பிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தலைவலி, களைப்பு, கவனக்குறைவு ஆகிய எல்லாமே நோயாளி சொல்லித்தான் நமக்குத் தெரியவரும். இரத்தப் பரிசோதனையில் அளக்க முடியாது. இந்தத் தொல்லைகள் காலப்போக்கில் தாமாகவும் தணியக்கூடியவை. நான்கு முதல் ஆறு வாரங்கள், வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு பெரிய இயந்திரத்தின் முன் அமர்ந்து, அக்கறையோடு விசாரிக்கும் ஊழியர்களிடம் பேசி, ஒழுங்கான நேரத்தில் எழுந்து வெளியே போய்வரும் ஒருவருக்கு, இயந்திரம் இயங்காவிட்டாலும் ஓரளவு முன்னேற்றம் வரும். நோயாளியை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு வந்த முன்னேற்றம் உண்மையானது. அதற்கான விலையைத்தான் கேட்கிறேன். ஓர் அமர்வுக்குச் சில ஆயிரம் ரூபாய் வீதம் இருபது, முப்பது அமர்வுகளுக்குப் பணம் கட்டுவது, வேலையிழந்து வீட்டில் இருக்கும் ஒரு டெலிவரி ஊழியருக்கோ கொத்தனாருக்கோ எவ்வளவு பெரிய சுமை என்பதை விளக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தாங்கக்கூடிய சிகிச்சைதான். தூண்டும் இடத்தில் வலியும் தற்காலிகத் தலைவலியும் வழக்கமான தொல்லைகள். வலிப்பு வருவது மிக அரிது. ஆனால் மூளையில் காயத் தழும்போ முன்பு வலிப்பு வந்த வரலாறோ உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடும் என்பதால், தலைக்காய நோயாளிகளிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. தலைக்குள் உலோகக் கிளிப்போ, செவிக்குள் பொருத்திய காக்ளியர் கருவியோ இருப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். இந்த விவரங்களை விசாரிக்காமல் முதல் நாளே கட்டணம் வாங்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

நான் இன்னும் அதிகமாகக் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. எளிதில் தீர்க்கக்கூடிய காரணங்கள் பல, யாரும் தேடாததால் மாதக்கணக்கில் தங்கிவிடுகின்றன. தலையில் அடிபட்டபின் படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் சில நொடிகள் உலகமே சுழல்வதாகச் சொல்பவர்களில் பலருக்கு, மூளையில் கோளாறு இருக்காது. உள்காதிலுள்ள நுண்ணிய கால்சியம் படிகங்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்திருக்கும். நோயாளியைப் படுக்க வைத்துத் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் எப்லி பயிற்சியால், சில நிமிடங்களில், கருவியே இல்லாமல் இதைச் சரிசெய்யலாம். பைக்கிலிருந்து விழுந்தவரின் தலையோடு கழுத்தும் உலுக்கப்பட்டிருக்கும். பிடரியில் தொடங்கி நெற்றிக்கு ஏறும் வலிக்குக் கழுத்துத் தசைகளையும் மூட்டுகளையும் பார்க்க வேண்டும். மூன்றாவது காரணம் மருந்துக் கடையில் இருக்கிறது. சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களுக்கு மேல் விழுங்கிக்கொண்டே இருந்தால், அந்த மாத்திரைகளே தினசரித் தலைவலியை உண்டாக்கும். இம்மூன்றையும் எந்தக் காந்தமும் தொடாது.

ஓய்வு பற்றிய நம் பழைய அறிவுரையும் மாறிவிட்டது. இருட்டறையில் மாதக்கணக்கில் படுத்திருக்கச் சொல்வதைத் தற்போதைய சர்வதேசப் பரிந்துரைகள் ஏற்பதில்லை; ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின், தொல்லை பெரிதாகக் கூடாத அளவில் நடக்கவும் மெதுவாக உடற்பயிற்சி செய்யவும் சொல்கின்றன. விளையாட்டில் அடிபட்ட வளரிளம் பருவத்தினர் 103 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், அளவான ஏரோபிக் பயிற்சி செய்தவர்கள் 13 நாட்களிலும் வெறும் தசை நீட்டல் பயிற்சி செய்தவர்கள் 17 நாட்களிலும் தேறினார்கள். நான்கு நாள் வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, அதை விளம்பரப்படுத்தவும் ஆளில்லை.

நாட்டிலேயே எண்ணிக்கையில் அதிகச் சாலை விபத்துகள் பதிவாகும் மாநிலம் தமிழ்நாடு. 2022-இல் மட்டும் 64,000-க்கு மேல். விபத்தில் சிக்கியவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் "நம்மைக் காக்கும் 48" திட்டத்தை அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. உயிர் காக்கும் அந்த ஏற்பாட்டைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆனால் 48 மணி நேரத்தில் பிழைத்து வீடு திரும்பியவர், தொண்ணூறாவது நாளில் தலைவலியோடு எந்த வாசலைத் தட்டுவது? நரம்பியல் வெளிநோயாளிப் பிரிவின் நீண்ட வரிசையில் நின்றால் மாத்திரைச் சீட்டு கிடைக்கும். தனியார் மையத்தில் நின்றால் காந்தம் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு நரம்பியல் மருத்துவர், ஒரு மனநல மருத்துவர், ஒரு பிசியோதெரபிஸ்ட் ஆகியோர் சேர்ந்து உட்காரும் தலைக்காயத் தொடர்கவனிப்புப் பிரிவை, சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை இராசாசி மருத்துவமனையிலும் வாரத்தில் ஒரு நாள் நடத்தினால் போதும். அதற்குப் புதிய கட்டடமும் தேவையில்லை.

அப்படியொரு பிரிவு அமைந்தால், காந்தத் தூண்டலை உள்ளபடியே சோதித்துப் பார்க்கவும் அதுவே சரியான இடமாகும். பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற அனுபவமுள்ள நிறுவனத்தோடு சேர்ந்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்பதிவோடும், போலித் தூண்டல் குழுவையும் வைத்து, சில நூறு பேரை ஓராண்டு பின்தொடரும் ஆய்வை இங்கேயே நடத்தலாம். ஆய்வில் பங்கேற்பவரிடம் ஆய்வுக்கான கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை. இப்போது தனியார் மையங்களில் நடப்பதும் சாராம்சத்தில் ஒரு சோதனைதான். அதில் முடிவுகள் எங்கும் பதிவாவதில்லை, செலவை மட்டும் நோயாளி ஏற்கிறார்.

அதுவரை, இந்தச் சிகிச்சைக்கு அழைக்கப்படும் குடும்பங்கள் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்கும்படி வேண்டுகிறேன்: என் நோய்க்கென்று இந்தக் கருவிக்கு அனுமதி உண்டா, உள்காதும் கழுத்தும் மாத்திரைப் பழக்கமும் ஏற்கெனவே பரிசோதிக்கப்பட்டனவா, பத்து அமர்வுகளில் மாற்றம் தெரியாவிட்டால் மீதிப் பணம் திரும்பக் கிடைக்குமா. மக்கள் நல்வாழ்வுத் துறை இந்த மூன்றுக்கும் விடையளிக்கும் அறிவிப்பைத் தமிழில் ஒவ்வொரு மையத்தின் வாசலிலும் வைக்க உத்தரவிட வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர்,
மதுரை.