பெயர்ப்பலகையில் யின்–யாங் வரையும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்குபஞ்சர் சிகிச்சையகத்துக்காக நீ வரைந்து அனுப்பிய பலகை மாதிரியைப் பார்த்தேன். எழுத்து நன்றாக இருக்கிறது. நடுவில் உள்ள கருப்பு வெள்ளை வட்டத்தில்தான் சிக்கல். அதன் கீழே 'நன்மை, தீமையின் சமநிலை: 5000 ஆண்டு சீனச் சின்னம்' என்று வேறு போட்டிருக்கிறாய். அந்த வரியை முதலில் எடுத்துவிடு.

யின், யாங் என்ற சொற்கள் பழையவைதான். மலையில் நிழல் விழும் பக்கம் யின், வெயில் படும் பக்கம் யாங். ஆற்றுக்கு வடகரை யாங். லுவோ ஆற்றின் வடகரையில் இருப்பதால்தான் லுவோயாங் நகருக்கு அந்தப் பெயர். ஆனால் இரண்டு மீன்கள் ஒன்றையொன்று துரத்தும் இந்தப் படம் அவ்வளவு பழசு இல்லை. சோங் அரசுக் காலத்தில், யின், யாங் இரண்டுக்கும் மூலமான 'தாய்ஜி'க்குப் படம் போட்டு விளக்கிய சோவ் துன்யி (1017–1073) மேலிருந்து கீழாக வட்டங்களை அடுக்கினார். அதில் மீனே கிடையாது. சுழலும் வடிவம் கிடைப்பது 14ஆம் நூற்றாண்டில், மிங் அரசின் தொடக்கத்தில் வாழ்ந்த சாவ் ஹுய்ச்சியென் என்பவரிடம். 600 ஆண்டு என்று சொல், யாரும் குறை சொல்ல முடியாது.

நன்மை, தீமை கதை அதைவிட மோசம். நிழல் விழும் சரிவு என்ன பாவம் செய்தது? இரவும் குளிர்காலமும் யின். அவை இல்லாமல் விதைப்பு இல்லை. ஹான் காலத்து அறிஞர் துங் சோங்ஷு யாங்கை உயர்த்தி யின்னைத் தாழ்த்தி, கணவன் மனைவி உறவு வரை அதை நீட்டினார் என்பது உண்மை. அங்கேகூடப் பேச்சு மேல், கீழ் பற்றியது. தெய்வம், பிசாசு கணக்கு அதில் இல்லை.

'சமநிலை' என்ற சொல்லையும் யோசித்துப் போடு. ஆளுக்குப் பாதி என்று அசையாமல் நிற்பதை இந்தப் படம் காட்டவில்லை. ஒன்று வளர்ந்து உச்சம் தொட்டதும் மற்றது முளைப்பதைக் காட்டுகிறது. மாற்றங்களின் நூலான யிஜிங்கில் 64 ஆறுகோட்டு உருக்கள் உண்டு. ஒவ்வொன்றும் மேலும் கீழுமாக அடுக்கிய இரண்டு மூன்றுகோட்டு உருக்கள். 11ஆவது உருவில் நிலம் மேலே, வானம் கீழே. அதன் பொருள் அமைதி. 12ஆவதில் வானம் மேலே, நிலம் கீழே, பொருள் தேக்கம். நாம் தலைகீழாக எதிர்பார்ப்போம். வானத்தின் இயல்பு மேலேறுவது, நிலத்தின் இயல்பு இறங்குவது. கீழே இருக்கும் வானம் ஏறும்போதுதான் இரண்டும் சந்திக்கும். அவரவர் இடத்தில் இருந்தால் விலகித்தான் போகும்.

இனி வரைவதைப் பார்ப்போம். உன் பலகையில் வட்டம் 60 செ.மீ. நடுவில் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, அதன் மேல்பாதியில் 15 செ.மீ ஆரத்தில் வலப்பக்கம் புடைக்கும் அரைவட்டம், கீழ்ப்பாதியில் அதே ஆரத்தில் இடப்பக்கம் புடைக்கும் அரைவட்டம். இரண்டும் சேர்ந்ததுதான் நடு வளைவு. இடப்பக்கம் வெள்ளை: தலை மேலே, வால் இடது ஓரமாக வந்து கீழே முடியும். மீன்களின் கண்களாக வரும் சிறு வட்டங்களுக்கு அளவு விதி எதுவும் இல்லை. விட்டம் 10 செ.மீ வைத்தால் தூரத்திலிருந்தும் தெரியும். வெளிக்கோட்டைத் தடித்த கருப்பில் போடாதே. அது கருப்பு மீனோடு ஒட்டிக்கொள்ளும், வெள்ளை மெலிந்து தெரியும். மெல்லிய சாம்பல் கோடு போதும்.

நீ வெள்ளையை வலப்பக்கம் வைத்திருக்கிறாய். தனிப்படமாக இருந்தால் பெரிய குற்றமில்லை. சுற்றிலும் பாகுவா எனப்படும் எட்டு மூன்றுகோட்டு உருக்களை வைத்திருப்பதால்தான் இடிக்கிறது. 'முந்தைய வானம்' என்ற அமைப்பில் தெற்கு மேலே வரும். கீழே நிலம், அங்கிருந்து கடிகாரத் திசையில் இடி, இடப்பக்கம் நெருப்பு, ஏரி, உச்சியில் வானம், பிறகு காற்று, வலப்பக்கம் நீர், மலை. இடது பக்கமாக முழுக்கோடுகள் கூடி யாங் வளர்ந்து ஏறுவதால், அதைக் குறிக்கும் வெள்ளை மீனும் அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு உருவின் அடிக்கோடும் வட்டத்தின் மையத்தை நோக்கி இருக்கட்டும். திருப்பி வைத்தால் வானம், நிலம், நீர், நெருப்பு நான்கும் மாறாது, அதனால் பிழை கண்ணில் படாது. ஆனால் இடி மலையாகிவிடும், காற்று ஏரியாகிவிடும். உன் மாதிரியில் நடந்திருப்பது இதுதான்.

சந்தேகம் வந்தால் தென்கொரியக் கொடியைப் பார்த்து உருக்களைப் பழகிக்கொள்: மேல் இடது வானம், கீழ் வலது நிலம், மேல் வலது நீர், கீழ் இடது நெருப்பு. அதை அப்படியே நகலெடுத்துவிடாதே. அங்கே நான்கே உருக்கள். சிவப்பு மேலே, நீலம் கீழே, கண்கள் கிடையாது. சீனச் சிகிச்சைக்குக் கொரியக் கொடியா என்று யாராவது கேட்பார்கள்.

'இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள்' என்பாய். இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1947இல் டென்மார்க்கின் யானை விருது பெற்றபோது தன் குலச்சின்னத்தில் இதே வட்டத்தை வைத்து, 'எதிர்கள் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன' என்று லத்தீனில் எழுதினார். பொருள் தெரிந்து வைத்தார். சிங்கப்பூரில் 1987இல் வந்த ஒரு டாலர் நாணயத்தின் எட்டுமூலைச் சட்டத்தைப் பார்த்து, அது பாகுவாதான் என்று ஊரே கதை கட்டியது. எட்டு மூலை கண்டாலே படிக்கிற கண்கள் இருக்கின்றன.

கடைசியாக அச்சு. யூனிகோடில் 9775ஆம் எண்ணில் இந்தச் சின்னம் இருக்கிறது என்று எடுத்துப் போடாதே. எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும், சில போன்களில் ஊதாக் கட்டத்துக்குள் உட்கார்ந்துவிடும். மேலே சொன்ன அளவில் நீயே வரை. கண்ணாடிக் கதவுக்கும் ஸ்டிக்கர் கேட்டிருக்கிறார்கள் இல்லையா? ஒளி புகும் ஸ்டிக்கர் என்றால் உள்ளே இருப்பவருக்கு எல்லாம் இடவலம் மாறி, நெருப்பும் நீரும் இடம் மாறித் தெரியும். நடுவில் ஒளி புகாத தாள் வைத்து, உள்பக்கத்துக்குத் தனியாக ஒன்று அச்சடிக்கச் சொல்.

அன்புடன்,
அண்ணன்