மருந்தறையிலிருந்து சிநேகிதிக்கு

பரந்தன்

அன்பின் சிநேகிதிக்கு,

கடிதம் கிடைத்தது. மகளின் கல்யாணப் படங்களை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். அம்மா கூறைச்சேலையின் கரையை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். இங்கே காலபோகம் இம்முறை பரவாயில்லை. வயலுக்குள் பன்றி இறங்குவதுதான் பெரிய தொல்லை.

ஓய்வு பெறும் வயதில் எனக்கு எதற்கு இந்த வாத்தியார் வேலை என்று கேட்டிருந்தாய். நானாகத் தேடிப் போகவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி மருந்தறைக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கவும் ஊசி மருந்தைச் சுத்தமாகக் கலக்கவும் பழக்கச் சொன்னார்கள். மறுக்க மனம் வரவில்லை. ஒன்டாரியோவில் 2010ஆம் ஆண்டிலிருந்து உங்கள் மருந்தகத் தொழில்நுட்பவியலாளர் வேலைக்குச் சட்டப்படி பதிவு உண்டு. பரீட்சை எழுதி, உன் பெயருக்குப் பின்னால் தகுதியைப் போட்டுக்கொள்கிறாய். இங்கே மருந்துக் கலவையாளர் என்றால் யன்னலுக்குப் பின்னால் நின்று குளிசை எண்ணுகிறவர் என்றுதான் சனம் இன்னும் நினைக்கிறது.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். மருந்துப் பெயர், அளவு, பக்கவிளைவு எல்லாம் மனப்பாடம். ஆனால் கேள்வி கேட்க மாட்டார்கள். பழகுவதற்கென்று நான் எழுதிய மருந்துத் துண்டுகளுக்குள் வேண்டுமென்றே சில பிழைகளைச் சொருகி வைத்தேன். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபினுக்குப் பதிலாகத் தைரொயிட்டுக்கான கார்பிமசோல் என்று ஒன்றில் எழுதியிருந்தேன். இன்னொன்றில் எழுத்து இரண்டு மருந்துக்கும் பொருந்தும்படி கிறுக்கல். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவருக்கொருவர் காதுக்குள் கேட்டு, ஊகித்து, அழகாக உறையில் போட்டுத் தந்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? "ஓம் சேர்" என்று சொல்லத்தானே பதின்மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் பழக்கியிருக்கிறோம்.

அதனால் முதல் பாடமாகத் தொலைபேசியை வைத்தேன். நோயாளர் விடுதிக்கு அழைத்து, தன் பெயர் சொல்லி, நோயாளியின் பெயரும் கட்டில் இலக்கமும் சொல்லி, சந்தேகத்தை ஒரே வசனத்தில் கேட்க வேண்டும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொடங்கக் கூடாது. சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பாடத்துக்கு வேலை வந்தது. மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் எழுதிய துண்டு ஒன்று வந்தது. தினமும் ஒன்று என்று இருந்தது. அது வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டிய மருந்து என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. தினமும் விழுங்கினால் எலும்பு மச்சையே செயலிழந்து போகும். கூட்டத்திலேயே மெல்லிய குரலுள்ள பிள்ளை ஒருத்தி எழுந்து போய்த் தொலைபேசியை எடுத்தாள். மறுமுனையில் இருந்த வைத்தியர் முதலில் எரிந்து விழுந்தார். பிறகு துண்டு திருத்தப்பட்டு வந்தது. நன்றி சொல்லவில்லை, பரவாயில்லை.

இனிக் கிருமியற்ற கலவை. இங்கே ஊசி மருந்தைக் கரைப்பது பெரும்பாலும் விடுதியில் தாதியரின் வேலை. உங்களைப் போல அதற்கென்று தனியறையும் காற்று வடிகட்டும் அலமாரியும் எல்லா இடத்திலும் இல்லை. ஆனாலும் இந்தப் பிள்ளைகளில் யாராவது நாளைக்கு ஒரு புற்றுநோய்ப் பிரிவில் நிற்கலாம். அதனால் அந்த அலமாரிக்குப் பதிலாகப் பெரிய அட்டைப் பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தை வெட்டி, விளிம்பிலிருந்து 15 சென்ரிமீற்றர் உள்ளே சிவப்புக் கோடு போட்டேன். கோட்டுக்கு வெளியே கை வேலை செய்யக் கூடாது. காற்று வரும் பக்கத்துக்கும் குப்பியின் வாய்க்கும் நடுவே விரல் வரக் கூடாது. உண்மையான அலமாரியின் ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரோமீற்றர் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். அப்படி வருகிற நல்ல காற்றை உன் கையே மறித்தால் வடிகட்டியால் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன்.

ஜென்ஷியன் வயலட் என்ற ஊதாச் சாயம் கலந்த தண்ணீரைக் குப்பிகளில் அடைத்து, கீழே வெள்ளைத் துவாய் விரித்து, அதை உறிஞ்சச் சொன்னேன். முதல் நாள் துவாயைப் பார்த்திருந்தால் நீ வயிறு குலுங்கச் சிரித்திருப்பாய். குப்பிக்குள் காற்றை அளவுக்கு மேல் தள்ளினால் ஊசியை எடுக்கும்போது மருந்து சீறும் என்பதை நான் வாயால் சொல்லத் தேவையே இருக்கவில்லை. புற்றுநோய் மருந்தாக இருந்தால் அந்த ஊதாப் பொட்டு ஒவ்வொன்றும் உன் தோலில் என்றேன். அதற்குப் பிறகு அறை அமைதியாகிவிட்டது.

ஆய்வுகூடத்துப் பிள்ளை கிருமி வளர்த்துப் பார்க்கும் அகார் தட்டுகள் தந்து உதவினாள். கழுவுவதற்கு முன் ஒரு தடவை, முழங்கை வரை கழுவி 70 சதவீத அற்ககோல் தடவிக் காய்ந்த பின் ஒரு தடவை, விரல்களைப் பதித்தார்கள். சுத்தமான அற்ககோல் இன்னும் நல்லதில்லையா என்று ஒருவன் கேட்டான். ஆகா, கேள்வி! தண்ணீர் சேர்ந்தால்தான் கிருமியின் புரதம் முழுவதும் குலையும், தனி அற்ககோல் அதற்கு முன்பே ஆவியாகிவிடும் என்று விளக்கினேன்.

கை கழுவுவதில் எனக்கு வந்த சிக்கல் உனக்கு ரொறன்ரோவில் வந்திராது. ஒரு பையனின் மணிக்கட்டில் புதூர் நாகதம்பிரான் கோயில் நூல். மோதிரத்தைக் கழற்றுகிறான், நூலுக்குக் கை வைக்க மாட்டேன் என்கிறான். அவனுடைய அம்மா நேர்ந்து கட்டியதாம். வெட்டச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. கடைசியில் அவனே வழி சொன்னான்: முழங்கைக்கு மேலே கட்டிக்கொள்கிறேன், மிஸ். இப்போது பாம்புக்கடி மருந்தைக் கரைப்பதில் அவன்தான் முதல் ஆள். புடையன் பாம்பு கடித்து வருகிறவருக்குத் தொடக்கத்திலேயே பல குப்பி போகும் மருந்து அது. பதற்றத்தில் எல்லோரும் குலுக்குவார்கள், குலுக்கினால் நுரைத்துப்போகும். அவன் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்ல உருட்டுகிறான். நாகதம்பிரானுக்குத் திருப்தியாகத்தான் இருக்கும்.

2012இல் அமெரிக்காவில் முதுகுவலிக்குப் போட்ட ஸ்டெரொயிட் ஊசியில் பூஞ்சணம் கலந்து, 700 பேருக்கு மேல் நோயாகி 60 பேருக்கு மேல் இறந்த கதையையும் சொன்னேன். அந்த ஊசியைத் தயாரித்த இடத்தில் வேலை செய்தவர்கள் ஒருவரும் கேட்கவில்லையா என்றாள் அந்த மெல்லிய குரல்காரி.

யன்னலில் கொடுக்கும் வேலை வேறு விதமான தலையிடி. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த மாதம் ஒரு கம்பனியின் குளிசை, அடுத்த மாதம் இன்னொரு கம்பனியினுடையது. இரத்த அழுத்தத்துக்கான பழைய வெள்ளை லொசார்டன் வீட்டில் மிச்சம் இருக்க, புதிதாகக் கொடுத்த வேறு நிறத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டுத் தலைசுற்றி வருகிறார்கள். நம் நாட்டின் மருந்துக் கொள்கைக்கு அடித்தளமிட்ட பேராசிரியர் செனக பிபிலே அந்தக் காலத்திலேயே மருந்தை அதன் பொதுப்பெயரால் எழுதச் சொன்னார். உறையில் பொதுப்பெயரை நாங்கள் எழுதத்தான் செய்கிறோம், ஆனால் கிழவிக்குத் தெரிவது நிறம் மட்டும். "விளங்கினதா அம்மா?" என்று கேட்டால் "ஓம் மகள்" என்றுதான் பதில் வரும். அதனால் அந்தக் கேள்வியையே தடைசெய்துவிட்டேன். "வீட்டுக்குப் போய் இதை எப்படி எடுப்பீர்கள், எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். வரிசை நீளுகிறது என்று மேலிடத்தில் முணுமுணுப்பு. நீளட்டும்.

உன்னிடம் கேட்க ஒன்று உண்டு. உங்கள் கலவையறையில் இரண்டாம் ஆள் சரிபார்க்கும்போது, முதல் ஆளின் கணக்கைப் பார்க்காமல் தனியாகப் போட்டுப் பார்க்கிறாரா? பெரியவரின் கணக்கைச் சின்னவர் திருத்த நேர்ந்தால் என்ன முறை வைத்திருக்கிறீர்கள்? இங்கே மூத்தவர் போட்ட கணக்கென்றால் சின்னவர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிடுகிறார். இதை எப்படி உடைப்பது என்று விபரமாக எழுது.

ஆவணியில் வருவதாக எழுதியிருந்தாய். சொக்கலேட் வேண்டாம், அம்மாவுக்குச் சீனி ஏறிவிட்டது. குளிசை எண்ணும் தட்டு இரண்டு கொண்டு வந்தால் போதும்.

அன்புடன்,
உன் வாங்குத் தோழி