கலியாணச் சப்பாத்தை ஒன்லைனில் வாங்கினால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

கலியாணச் செலவு பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கடிதமொன்றில், வன்னிப் பிள்ளைகள் இப்போது காலில் போடுகிற சப்பாத்தைக்கூட லண்டன் கடையில் ஒன்லைனில் எடுக்கிறார்கள், இது வெளிநாட்டு மோகம் அல்லாமல் வேறென்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். எழுதியவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும். ஒரு சோடி கலியாணச் சப்பாத்துக்காக கிளிநொச்சியில் கடை கடையாக ஏறி இறங்கிய பெண் அப்படி எழுதமாட்டாள்.

சாறிச் சட்டை தைப்பதும், கலியாணத்தன்று பொம்பிளைக்குச் சாறி கட்டிவிடுவதும் என் தொழில். சாறி கட்டுகிறவளுக்கு முகத்தை விடக் காலில்தான் கண். குதி எவ்வளவு உயரம் என்று தெரியாமல் கொசுவம் மடிக்க முடியாது. அதனால் யார் எங்கே என்ன சப்பாத்து வாங்கினார்கள், எது கடித்தது, எது மண்டப வாசலிலேயே அறுந்தது என்ற கதையெல்லாம் என் காதுக்கு வந்து சேரும்.

முதலில் மோகம் என்ற பேச்சுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக் கடைகளில் கலியாணத்துக்கென்று வைத்திருக்கும் சப்பாத்துகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை: முன்பக்கம் ஒடுங்கி, குதி பென்சில் போல உயர்ந்து, மேலே கண்ணாடிக் கல் ஒட்டியிருக்கும். 39 சைஸுக்கு மேல் கேட்டால் ‘இல்லை பிள்ளை’ என்ற பதில்தான். சின்ன வயதிலிருந்து வயலிலும் வரம்பிலும் வெறுங்காலோடு நடந்த பிள்ளைகளின் பாதம் முன்பக்கம் அகன்றிருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஆனால் அந்தப் பாதம் இந்தச் சப்பாத்துக்குள் போகாது. லண்டனில் நியூ லுக், மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் போன்ற சாதாரண சனம் வாங்குகிற கடைகள் அகலக் காலுக்கென்றே தனியாகச் சப்பாத்து விற்கின்றன. அங்கேயும் கலியாணச் சப்பாத்து என்று பெரிய பெயர்க் கடைகளில் எடுத்தால் நூற்றுக்கணக்கில் பவுண் போகும், இந்த மாதிரிக் கடைகளில் முப்பது நாற்பது பவுணுக்குள் நல்லதாக ஒன்று எடுக்கலாம். அங்கே இருக்கிற சித்தியோ மச்சாளோ எடுத்து, வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான் விசயம்.

மலிவா என்று கேட்டால், எங்களுக்கு மலிவில்லை. ஒரு பவுண் 400 ரூபா என்று வைத்துப் பார்த்தால், 35 பவுண் என்றால் 14,000 ரூபா. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு கிலோ 120 ரூபா என்று விலை வைத்தது, அந்தக் கணக்கில் இது நூறு கிலோவுக்கும் மேல் நெல்லு. சரி, சித்தி கொடுக்கிற அன்பளிப்பு என்று விட்டுவிடலாம். சித்தி இல்லாத பிள்ளை என்ன செய்யும்? கொழும்புப் பக்கத்திலிருந்து பேஸ்புக்கில் விற்கிறவர்களிடம் நாலாயிரம் ஐயாயிரத்துக்கு எடுக்கும். அதுவும் நல்ல வழிதான். யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ தாயும் மகளும் பஸ்ஸேறிப் போய், மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டு, வேலைக்குப் போகாத நாளின் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்லைன்தான் லாபம்.

என் கோபம் வாங்குகிறவர்கள் மேலே இல்லை, விற்கிறவர்கள் மேலே. சொந்த அனுபவம் ஒன்று சொல்கிறேன், பெயர் வேண்டாம். என் தங்கையின் மகளுக்கு அப்படியொரு பேஸ்புக் பக்கத்தில் தங்க நிறச் சப்பாத்து ஒன்று ஓடர் பண்ணினோம். சைஸ் 38 என்று எழுதிக் கொடுத்தோம். கூரியர்காரத் தம்பி பரந்தன் சந்தியில் நின்று கோல் எடுத்து, ‘அக்கா, காசைத் தந்திட்டு எடுங்கோ, பிரிச்சுக் காட்ட எங்களுக்கு அனுமதியில்லை’ என்றார். அவர் மேலே பிழையில்லை, அவருக்குச் சொன்ன வேலையை அவர் செய்கிறார். வீட்டில் வந்து பிரித்தால், அடியில் 38 என்றுதான் அடித்திருக்கிறது, ஆனால் பிள்ளையின் பெருவிரல் மடங்கித்தான் உள்ளே போகிறது. அடிமட்டத்தை உள்ளே விட்டு அளந்தேன், 23 சென்றிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. பிள்ளையின் பாதம் 24. தங்க நிறமும் படத்தில் இருந்த பழந்தங்கம் இல்லை, எலுமிச்சை மஞ்சள். மெசேஜ் போட்டோம், பார்த்த அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. பிறகு ஒருநாள் ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது’ என்று ஒரு படம் மட்டும் வந்தது, அதுவும் பூப்போட்ட படம்.

38 என்றால் என்ன என்று விற்கிறவருக்கே தெரியாததுதான் இதற்கெல்லாம் அடிப்படை. ஐரோப்பிய இலக்கத்தில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் இடையே கிட்டத்தட்ட 6.7 மில்லிமீற்றர், பிரித்தானிய இலக்கத்தில் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8.5 மில்லிமீற்றர். இரண்டும் வேறு வேறு படிகள், ஒன்றை மற்றதுக்கு மாற்றினால் எங்கோ ஓரிடத்தில் இடிக்கத்தான் செய்யும். அதைவிட, வெறும் 5 என்று எழுதியிருந்தால் அது லண்டன் 5 ஆ, அமெரிக்க 5 ஆ? லண்டனில் 5 என்பது ஐரோப்பாவில் 38, அமெரிக்காவில் பெண்களுக்கு 7. சீனாவிலிருந்து வரும் சப்பாத்தில் சிலவேளை 240 என்று இருக்கும், அது பாத நீளம் மில்லிமீற்றரில், உண்மையில் அதுதான் எல்லாவற்றிலும் நேர்மையான இலக்கம். எங்கள் ஒன்லைன்காரர்கள் இந்த அட்டவணைகளை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறார்கள், கையில் இருக்கிற சப்பாத்தை அளப்பதில்லை.

வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். பின்னேரம் அளவுங்கள், காலையில் அளக்க வேண்டாம். பகல் முழுக்க நின்ற கால் வீங்கியிருக்கும், கலியாணத்தன்றும் அப்படித்தான் இருக்கும், அதுவும் ஆவணி வெக்கையில். சுவரோரம் ஒரு பேப்பரை வைத்து, குதியைச் சுவரில் முட்டக் கொடுத்து நின்று, நீண்ட விரலின் முனையில் கோடு போடுங்கள். சிலருக்குப் பெருவிரலை விட அடுத்த விரல் நீளம், அதைப் பாருங்கள். இரண்டு காலும் அளந்து பெரிய காலின் அளவை எடுங்கள், அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் விற்கிறவரிடம் 38 இருக்கிறதா என்று கேட்க வேண்டாம், உள்ளே எத்தனை சென்றிமீற்றர் என்று கேளுங்கள். பாதத்தை விட ஒரு சென்றிமீற்றர் அளவு கூட இருக்க வேண்டும், முன்பக்கம் கூரானது என்றால் அதைவிடக் கூட. பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

குதி உயரத்தைப் பற்றி நான் சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். சைவக் கலியாணத்தில் பொம்பிளை சப்பாத்தோடு நிற்கிற நேரம் எவ்வளவு? காரால் இறங்கி மண்டப வாசல் வரைக்கும், பிறகு ரிசெப்ஷனுக்கும் போட்டோவுக்கும். மணவறையில் வெறுங்கால். கூறை மாற்றி வந்து தாலி ஏறுவதும் வெறுங்காலோடு, அம்மி மிதிப்பதும் வெறுங்காலோடு. மூன்றரை அங்குலக் குதிக்கு அளவாகச் சாறியை இறக்கிக் கட்டினால், சப்பாத்தைக் கழற்றின உடனே அந்தச் சாறி மூன்றரை அங்குலம் நிலத்தில் இழுபடும். மணவறையைச் சுற்றும்போது தடக்கி விழப்போன பிள்ளைகளை நான் பிடித்திருக்கிறேன். வெறுங்காலுக்கு அளவாகக் கட்டினால் போட்டோவில் கணுக்கால் தெரிகிறது என்று மாமியார் முகம் சுளிப்பார். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் சதுரக் குதியாக இருக்கட்டும். எங்கள் ஊர்களில் இன்னமும் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுக் கலியாணம் நடக்கிறது, கிறவல் றோட்டில்தான் கார் வந்து நிற்கிறது. பென்சில் குதி மணலில் இறங்கினால் பொம்பிளை ஒரு பக்கம், சப்பாத்து ஒரு பக்கம். தேவாலயக் கலியாணம் வேறு கதை, அங்கே பூசை முடியும் வரை சப்பாத்தோடு நிற்கவும் முழந்தாளிடவும் வேண்டும், அவர்கள்தான் நல்ல சப்பாத்துக்குக் காசு செலவழிக்க வேண்டியவர்கள்.

மாப்பிள்ளைமாருக்குச் சொல்ல அதிகம் இல்லை. வாசலில் மச்சான்காரன் கால் கழுவி மோதிரம் வாங்கின பிறகு அந்தச் செருப்பு எங்கே போகிறது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம், விலை கூடினதை வாங்க வேண்டாம்.

இன்னொரு விசயம், இதை யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. வன்னியில் யுத்தத்தில் கால் இழந்தவர்கள் எத்தனை பேர் என்று ஊருக்குள் இருக்கிற எங்களுக்குத் தெரியும். அன்று குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று கலியாண வயதில். செயற்கைக் கால் ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்கு அளவாகத்தான் பொருத்தப்படுகிறது. வழமையாகப் போடுகிற செருப்பை விட உயர்ந்த குதி போட்டால் உடம்பு முன்னால் தள்ளும், முழங்கால் மடங்கப் பார்க்கும், விழ வைக்கும். ஆகவே வழமைச் செருப்பின் குதியை அளந்து அதே உயரத்தில் தேட வேண்டும், இல்லாவிட்டால் சப்பாத்தை வாங்கிக்கொண்டு கால் பொருத்துகிற இடத்துக்கு முன்கூட்டியே போக வேண்டும். நான் சாறி கட்டிய ஒரு பிள்ளைக்கு இரண்டு காலுக்கும் இரண்டு சைஸ் தேவைப்பட்டது. ஒன்லைனில் இரண்டு சோடி வாங்கி இரண்டு ஒற்றைச் சப்பாத்தை எறிய வேண்டிய நிலை. குதி எத்தனை சென்றிமீற்றர் என்று ஒரு வரி எழுதாத விற்பனைப் பக்கம், ஒற்றைச் சப்பாத்துக்கு வழி செய்யுமா?

லண்டனில் எடுப்பவர்களுக்கும் ஒன்று. அங்கே ஒன்லைனில் வாங்கினால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று அறிவிக்கலாம், அதற்குப் பிறகு திருப்பி அனுப்ப இன்னொரு 14 நாள். 2013 இல் வந்த சட்டவிதி அது. ஆனால் அந்த நாட்கணக்கு பார்சல் சித்தி வீட்டுக்குப் போன அன்றே தொடங்கிவிடும். சித்தி அதை அலுமாரியில் வைத்து, ஆடி கழியட்டும் என்று காத்திருந்து, ஆவணியில் ஆளிடம் கொடுத்துவிட்டால், இங்கே போட்டுப் பார்க்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஓடர் பண்ண முதல் பாத நீளத்தை அனுப்புங்கள், சித்தி பார்சலைப் பிரித்த அன்றே அடிமட்டம் வைத்து வீடியோவில் காட்டட்டும்.

அக்காவின் கலியாணச் சப்பாத்தைத் தங்கைக்கென்று கட்டி வைக்கிற வழக்கமும் உண்டு. நல்ல சிக்கனம்தான், ஆனால் அடி பொலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் வகை என்றால் போடாமல் வைத்திருந்தாலும் ஈரப்பதம் பட்டு வருடக்கணக்கில் தானாகவே உக்கிப்போகும். வெளியே பளபளப்பாக இருக்கும், நடந்தால் அடி துண்டு துண்டாக உதிரும். கலியாணத்துக்கு முதல் வீட்டுக்குள் நடந்து பார்த்துவிடுங்கள்.

எங்கள் நாட்டில் ஏமாந்தால் கேட்க ஆளில்லை என்று நினைக்க வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது, 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். விற்கிறவர் கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறாகப் பொருள் இருந்தால் அதை விசாரிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆகவே ‘உள்ளளவு 25 சென்றிமீற்றர், பழந்தங்க நிறம்’ என்று வட்ஸ்அப்பில் அவரையே எழுத வைத்து, அந்தப் படத்தையும் பில்லையும் அழிக்காமல் வைத்திருங்கள். பில் தராதவரிடம் பில் கேளுங்கள். விலாசம் இல்லாத பக்கம் என்றால் முறைப்பாட்டில் யாருடைய பெயரை எழுதுவது?

கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, மல்லாவிக் கடைக்காரர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சனம் உங்களை விட்டு ஒன்லைனுக்குப் போவது ஸ்டைலுக்காக இல்லை. 40, 41 சைஸிலும், குதி தாழ்ந்ததிலும், முன்பக்கம் அகன்றதிலும் சில சோடிகள் வைத்திருந்தால் பரந்தன் சந்தியில் காசைக் கொடுத்துவிட்டுப் பார்சலைத் தடவிப் பார்க்கிற நிலை வராது. உங்களிடம் இருக்கிற பெரிய பலம், போட்டுப் பார்த்து வாங்கலாம் என்பதுதான்.

ஒன்லைனில் விற்கிற தம்பி தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். ரோசாப்பூவும் மோதிரமும் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கிறீர்கள். அந்தப் பூவை எடுத்துவிட்டு, சப்பாத்துக்குள் ஒரு அடிமட்டத்தை வைத்து இன்னொரு படமும், குதியோரம் வைத்து மற்றப் படமும் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
சாறிச் சட்டை தைப்பவர்,
விசுவமடு.