எஃகு வார்ப்பு: அச்சைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் 19 வருடமாக மோல்டிங் வேலை, அதாவது உருகிய உலோகத்தை ஊற்ற மணல் அச்சு செய்யும் வேலை பார்க்கிறேன். போன மாதம் வார்த்த எஃகு வால்வுகளில் நான்கு, கடைசலில் பொத்தல் தெரிந்து ஸ்கிராப்புக்குப் போயின. மணல் சரியில்லை என்று பழி எங்கள் மேல் விழுந்தது. மனசு கேட்கவில்லை, ஒன்றை அறுத்துப் பார்த்தோம். பொத்தல் முழுக்கத் தடித்த ஃபிளேஞ்சுக்குள்தான் (குழாயோடு இணைக்கும் விளிம்பு).

பேட்டர்ன் (மணலில் அச்சின் வடிவத்தைப் பதிக்கும் மாதிரி) வார்ப்பிரும்புக்குச் செய்த பழையது. சாம்பல் வார்ப்பிரும்பு சுமார் 1 சதவீதம் சுருங்கும், எஃகு ஏறக்குறைய 2 சதவீதம். அதோடு, எஃகு உறையும்போது குறையும் இடத்தை நிரப்ப ரைசரில் (அச்சில் கூடுதல் உலோகம் நிற்கும் குழி) உருகிய எஃகு மிச்சம் இருக்க வேண்டும். தடித்த பகுதி உறைந்த பிறகுதான் ரைசர் உறைய வேண்டும். எங்கள் அச்சிலோ ரைசர் மெல்லிய பக்கத்தில் நின்றது!

அப்புறம் புது பேட்டர்ன் செய்து, ரைசரைத் தடித்த பக்கம் மாற்றி, கூரான உள்மூலைகளை வளைவாக்கினோம். அடுத்த வார்ப்பு சுத்தமாக வந்தது.

உருகிய உலோகம் அச்சில் உறைவதைக் கணினியில் முன்கூட்டியே பார்க்கும் மென்பொருளைச் சிறு பட்டறைகளால் வாங்க முடியாது. அரசு பாலிடெக்னிக்கில் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வைத்து, கட்டணத்துக்குத் திறந்துவிட்டால் போதும். வடிவமைப்பவர்களே, வார்ப்பின் வரைபடம் முடியும் முன் மோல்டரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மோல்டர்,
வில்லியனூர், புதுச்சேரி