அந்த ஒன்பது மிளகாய்ச் செடிகள்

அக்கா,

இன்று வைகாசி 14. அக்னி நட்சத்திரம் இன்றோடு கழிகிறது. மே லீவும் முடியப்போகிறது. நீ வரவில்லை.

போன வருஷம் இதே வாரம் நடந்ததைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்தக் கோடையில் மாடித் தோட்டத்தில் எது நின்றது, எது போனது என்று சொல்லிவிடுகிறேன். அந்த வழியாக வந்தால்தான் மற்றதைப் பேச முடியும் போலிருக்கிறது.

வெண்டை நன்றாக வந்தது. மாசிக் கடைசியில் விதையை எட்டு மணி நேரம் ஊறவைத்து நேரே பையிலேயே ஊன்றினேன். வெண்டைக்கு ஆணிவேர், நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் பத்து நாள் பின்தங்கிவிடும் என்று நீ சொல்வாயே, அது சரி. 15 அங்குலப் பைக்கு ஒரே செடி, மொத்தம் பன்னிரண்டு. நாற்பத்தைந்தாம் நாள் முதல் காய் பறித்தேன். இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் கிலோவுக்குக் குறையவில்லை. இந்த வெயிலில் ஒரு பறிப்புத் தவறினாலும் முற்றிவிடுகிறது. நுனியைக் கிள்ளினால் ஒடியாமல் வளையும் காயை விதைக்குக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது. அதை விட்டு வைத்தால் செடி அடுத்த பூவைத் தள்ளிப்போடும்.

ரகம் அர்கா அனாமிகா. மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்கும் என்று பெங்களூரில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது. வந்த காலத்தில் தாங்கியது, இப்போது முன்போல் தாங்குவதில்லை. பன்னிரண்டில் இரண்டு செடிக்கு இலை நரம்பெல்லாம் வலை பின்னியதுபோல மஞ்சளாகிவிட்டது. எடுத்துவிட்டேன். எப்படி எடுத்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

கொத்தவரை கேட்காமலே காய்க்கிறது. கொடிப்பசலை வெயில் ஏற ஏறத் தழைக்கிறது. கொத்தமல்லி வழக்கம்போல நாலு இலை விட்டதுமே பூத்துவிட்டது. சித்திரையில் அதை இனி விதைக்கப் போவதில்லை.

கத்தரிச் செடியில்தான் ஒரு வாரம் ஏமாந்தேன். ஏப்ரல் மூன்றாம் வாரம், காலை ஆறு மணிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். பைக்கு அடியில் வழிந்து ஓடுகிறது. ஆனாலும் பத்து மணிக்குத் தலை தொங்கிவிடுகிறது. வெயில் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். அப்புறம் விரலை உள்ளே விட்டுப் பார்த்தால், இரண்டு அங்குலத்துக்குக் கீழே மூக்குப்பொடி மாதிரி காய்ந்து கிடக்கிறது. மண்ணோடு கலந்திருக்கும் கோகோபீட், அதாவது தென்னை நார்த்தூள், ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் லேசில் தண்ணீரை ஏற்காது. சுருங்கிப் பையின் ஓரத்தை விட்டு விலகிவிடும். ஊற்றும் தண்ணீரெல்லாம் அந்த இடுக்கில் இறங்கி வெளியே போகும். தண்ணீர் வழிவதைப் பார்த்து நாம் வயிறு நிறைந்தது என்று நினைப்போம், வேருக்கு ஒரு சொட்டுப் போயிருக்காது.

அந்தப் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, டப்பில் ஆறு அங்குலத் தண்ணீரில் முக்கால் மணி நேரம் நிறுத்தினேன். அடித்துளை வழியாக உறிஞ்சி மேல் மண் கறுத்ததும் எடுத்து, ஓரமெல்லாம் விரலால் அமுக்கிவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் இரண்டு தவணை. முதலில் அரை லிட்டர், பத்து நிமிஷம் கழித்து ஒரு லிட்டர். மேலே இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலை மூடாக்கு. பைக்கு அடியில் மூன்று செங்கல், தளத்துச் சூடு நேரே ஏறாமல் இருக்க. சாயங்காலம் ஊற்றுவதாக இருந்தால் ஹோஸில் முதலில் வரும் தண்ணீரை வாளியில் பிடித்துவிட வேண்டும். கை வைக்க முடியாத கொதி அது.

பாதிக்குப் பாதி கோகோபீட் போட்டது நீதான். தளம் பழசு, எடை ஏறக் கூடாது என்றாய். அந்தக் காரணம் சரிதான். ஆனால் வருஷத்துக்கு இருபது நாள் வந்து போகிறவருக்கு எடைதான் தெரியும், தினம் ஊற்றுகிறவனுக்குத்தான் வறட்சி தெரியும். இப்போது செம்மண், மக்கிய உரம், கோகோபீட் மூன்றும் சம பங்கு. பைகளைச் சுவர் மேலும் உத்தரம் போகும் இடத்திலும் மட்டும் வரிசையாக வைத்திருக்கிறேன்.

தண்ணீர் சரியான பிறகும் சில கொழுந்துகள் தொங்கின. முழுச் செடியும் தொங்கினால் தண்ணீர், ஒரே ஒரு கொழுந்து மட்டும் தொங்கினால் தண்டுத்துளைப்பான். தொங்குகிற இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டிப் பிளந்தால் வெளிர்ரோஸ் நிறத்தில் புழு இருக்கும். அந்தக் கொழுந்தை மாடியிலேயே போட்டுவிடாமல் நசுக்கி அப்புறப்படுத்த வேண்டும். அதை விட்டால் அடுத்தது காய்க்குள் போகும்.

தக்காளி தோல்வி. ஆறு செடி, பெரியகுளம் 1 ரகம், மொத்தம் இரண்டு கிலோகூட வரவில்லை. பூவுக்குக் குறைவில்லை. காம்பில் உள்ள கணுவோடு மஞ்சளாகி உதிர்ந்துகொண்டே இருந்தது. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 25-க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் வீரியமிழந்துவிடும், பிஞ்சு பிடிக்காது. பகலெல்லாம் குடித்த சூட்டை மதுரைத் தளம் ராத்திரி முழுக்கக் கக்குகிறது. உரம் போட்டாலும் பஞ்சகவ்யம் தெளித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பிடித்த நாலு காயும் சிவக்காமல் ஆரஞ்சாகவே நின்றன. 30 டிகிரிக்கு மேல் அந்தச் சிவப்பு ஊறாது. பறித்து வீட்டுக்குள் வைத்தவை மட்டும் கொஞ்சம் சிவந்தன.

அடிப்பக்கம் கறுத்துப்போன காய்களுக்கு முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்லிச் சித்தி மூலம் சொல்லி அனுப்பியிருந்தாய். (நேரே சொல்லியிருக்கலாம்.) அது சுண்ணாம்புச் சத்துக் குறைதான், ஆனால் மண்ணில் இல்லாத குறை இல்லை. ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் பாய்ச்சல் என்று இருந்தால் சத்து தண்ணீரோடு சேர்ந்து காய் வரைக்கும் போகாது. முட்டை ஓடு கரைய மாதக்கணக்கில் ஆகும். மூடாக்குப் போட்டு நேரம் தவறாமல் ஊற்றியதும் அடுத்த கொத்தில் கறுப்பு வரவில்லை.

நிழல் வலையிலும் உன் பேச்சைக் கேட்டேன். 75 சதவீத வெயிலை மறைக்கும் வலை. அதன் கீழே பீர்க்கை கம்பத்தையே சுற்றிச் சுற்றி இலை விட்டது, பூ இல்லை. மே முதல் வாரம் 50 சதவீத வலையாக மாற்றி, எட்டடி உயரத்தில் கட்டினேன். தலைக்கு மேல் கை எட்டுகிற உயரத்தில் கட்டினால் அனல் உள்ளேயே நிற்கிறது. இப்போது பூக்கிறது, ஆனால் இந்த வெயிலுக்கு ஆண் பூதான் அதிகம். பீர்க்கை சாயங்காலம் விரியும். ஐந்தரைக்கு மேல் ஆண் பூவைக் கிள்ளி இதழை உரித்துப் பெண் பூவில் தொட்டுவிட்டால் பிடித்துக்கொள்கிறது. பாகல் விடிகாலையில் விரிவது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப்போனால் ஒன்றுதான் பிடிக்கும்.

சரி. மிளகாய்.

அன்று மணி ஒன்று. நான் மேலே வந்தபோது நீ ஏழாவது செடியில் இருந்தாய். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாய். இடது கையால் பையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தண்டை ஒரு திருகு திருகி இழுத்தாய். வேரில் மண் கட்டியோடு வந்தது. மண் வீணாகக் கூடாது என்று அதைப் பை விளிம்பிலேயே தட்டினாய், டப், டப் என்று. ஒவ்வொரு தட்டுக்கும் இலைக்கு அடியிலிருந்து அரிசி மாவு தூவியதுபோல வெள்ளை ஈ எழும்பியது. காற்று தெற்கிலிருந்து வீசியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அது அப்படியே தக்காளி வரிசையில் போய் இறங்கியது.

நீ திரும்பிப் பார்த்து, "எல்லாம் சுருட்டைடா, வச்சிருந்தா மத்ததுக்கும் பரவும்"னு சொன்னாய். சொல்லிக்கொண்டே எட்டாவதைப் பிடுங்கினாய். ஒன்பதாவதையும்.

அது யாருடைய விதை என்று உனக்குத் தெரியும். டப்பாவில் மிச்சம் எத்தனை இருந்தது என்றும் தெரியும்.

நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். நம் ஆட்கள் இதைப் படிப்பார்கள், படித்துவிட்டு உனக்கும் மாமாவுக்கும் போன் போடுவார்கள். செடியோடு நிறுத்தியிருக்க வேண்டும், வீட்டுப் பேச்சை இழுத்தது என் தப்பு. பிள்ளைகள் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. அதற்கு மன்னித்துவிடு. மற்றதை நேரில் பேசலாம்.

செடி விஷயத்தில் நீ சொன்னது சரி. சுருட்டை வைரஸ் ஏறிய மிளகாய்க்கு மருந்து கிடையாது. வேப்பெண்ணெய், மோர்க் கரைசல், எதுவும் அதற்குள் போகாது. வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வெள்ளை ஈ அதில் உறிஞ்சிப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும். பார்த்த அன்றே எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட எனக்கு மனசு வராமல் மூன்று வாரம் வைத்திருந்தேன். அது உனக்குப் பிடிக்கவில்லை. புரிகிறது.

ஆனால் ஒன்பதும் வைரஸ் இல்லை, அக்கா.

நீ பிடுங்கியதற்கு இரண்டு நாள் முன்னால் போனில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்வரிசை ஐந்தும் வைரஸ்தான். இலை சிறுத்து, மேல்நோக்கிச் சுருண்டு, நரம்பு தடித்து, கணுவோடு கணு நெருங்கிப் புதர்போல இருக்கிறது. முன்வரிசை நாலும் அப்படி இல்லை. இலை ஓரம் கீழ்நோக்கி வளைந்து, கவிழ்த்த தோணி மாதிரி இருக்கிறது. இலைக்காம்பு மட்டும் எலிவால்போல நீண்டிருக்கிறது. அது மஞ்சள் சிலந்தி, சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சி. இலைப்பேனாக இருந்தால் தோணி நிமிர்ந்து இருக்கும், இலைக்கடியில் வெள்ளிக் கோடுகள் தெரியும். சிலந்தியும் பேனும் தீர்க்கக்கூடியவை. எல்லாவற்றையும் நாம் சுருட்டை என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், சின்டெக்ஸ் டேங்குக்குப் பின்னால் பத்தாவது ஒன்று இருந்தது. உன் கண்ணில் படவில்லை. அதற்கும் அதே கவிழ்ந்த இலை. நுனிக் கொழுந்துகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் கலக்கி, வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி ஐந்து நாளுக்கு ஒரு தடவை, மூன்று தடவை அடித்தேன். சிலந்திக்கு அடிக்கும் கந்தகத்தைத் தொடவில்லை. இந்தச் சூட்டுக்கு இலை கருகிவிடும். மூன்றாம் வாரம் விட்ட தளிர் நேராக வந்தது. புரட்டாசியில் காய்த்தது.

அந்த நாலும் அப்படித்தான் தேறியிருக்கும். இதை எழுதும்போதும் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் ஒன்றையும் எடுக்க விட்டிருக்க மாட்டேன் என்பாய். அதுவும் உண்மைதான்.

இன்னொன்று. மத்தியானத்தில் பிடுங்கக் கூடாது. சூட்டில் வெள்ளை ஈ சுறுசுறுப்பாக இருக்கும், தொட்டாலே பறக்கும். போன வருஷம் உன் கை பட்ட மூன்றாம் வாரம் தக்காளிக் கொழுந்து மூன்று சுருண்டது. வெள்ளை ஈ பக்கத்து வீட்டுச் செம்பருத்தியிலிருந்தும் வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்று பறந்தது நம் செடியிலிருந்து.

இந்தப் பங்குனியில் நானே இரண்டு மிளகாயை எடுத்தேன், சித்திரையில் அந்த இரண்டு வெண்டையையும். காலை ஐந்தரை மணி, குளிர்ச்சி இருக்கும்போதே. செடியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பெரிய பாலித்தீன் கவரை மெதுவாக மேலிருந்து கவிழ்த்து, அடித்தண்டோடு சேர்த்துக் கயிறு போட்டு முடிந்துவிட வேண்டும். அப்புறம் முடிச்சுக்குக் கீழே கத்தியால் அறுக்க வேண்டும். இழுக்கவோ உதறவோ வேண்டாம். கவரோடு இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது. அடிக்கட்டையைத் துளிர்க்க விடாமல் மறுநாள் தோண்டி எடுத்துவிட வேண்டும். இந்த வைரஸ் மண் வழியாகப் பரவாது, அந்த மண்ணையே திரும்பப் பயன்படுத்தலாம். மிச்சச் செடிகளுக்கு நடுவே விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை ஒன்று, செடியின் நுனி உயரத்துக்கு. நுனி வளர வளர அட்டையையும் ஏற்ற வேண்டும்.

முதல் செடிக்குக் கவரைக் கவிழ்த்தபோது கை நடுங்கியது. அன்று நீ ஏன் என்னைக் கேட்கவில்லை என்று அப்போது கொஞ்சம் தெரிந்தது.

பத்தாவது செடியின் பூக்களில் சிலவற்றைப் பஜ்ஜி மிளகாயோடு கலந்துவிடாமல் இருக்க, விரியும் முன்பே மெல்லிய துணிப்பையால் கட்டி வைத்திருந்தேன். அதில் பிடித்த பழங்களைச் செடியிலேயே நன்றாகச் சிவக்கவிட்டு, நிழலில் உலர்த்தி விதை எடுத்தேன். ஒரு பழத்தில் ஐம்பது அறுபது இருந்தது. பாதியை இந்தக் கோடைக்கு விதைத்தேன். மீதியை அதே டப்பாவில் சாம்பல் கலந்து வைத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்தால் முளைப்பு குறைந்துவிடும், அதனால் சேமித்துப் பூட்டி வைக்கப் போவதில்லை. ஆனி முதல் வாரம் குழித்தட்டில் போட்டு, கொசுவலையால் மூடி வைக்கப் போகிறேன். நாற்றிலேயே வெள்ளை ஈ தொடாமல் இருந்தால் பாதிக் கவலை தீரும். நாற்பத்தைந்து நாளில் நடவுக்கு வந்துவிடும், ஆடி 18 கணக்காக இருக்கும். பத்துப் பை உனக்கென்று கலவை போட்டு வைக்கிறேன்.

ஆடிப்பெருக்குக்கு வா. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. எடுக்க வேண்டியது ஏதாவது உன் கண்ணில் பட்டால் விடிகாலையில் என்னை எழுப்பு. கவரும் கத்தியும் மாடிப்படிக்குக் கீழே, ஆணியில் தொங்குகின்றன.

தம்பி